பிடிபடாததற்கு வைத்த பெயர்

ஒரு பாஷையில் வழங்கும் சொற்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த தேதியும் இல்லை. பெற்றவர் பெயரும் இல்லை. நீர், நெருப்பு, மண், மரம் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைத் தேடிச் சென்றால், பழைய ஆங்கிலம், அதற்கும் மூத்த ஜெர்மானிய மொழி, அதற்கும் மூத்ததென்று பண்டிதர்கள் ஊகிக்கும் ஆதி மொழி என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று, முடிவில் எழுத்தென்பதே தோன்றாத ஒரு காலத்தின் வாசலில் நின்றுவிடுவோம். இந்தப் பொது விதிக்கு விலக்காக, இன்னார் உண்டாக்கினார், இன்னதை மனத்தில் வைத்து உண்டாக்கினார், இன்ன புத்தகத்தின் மூலம் அது உலகுக்குத் தெரிய வந்தது என்று திட்டமாகக் கூறத்தக்க சொற்கள் சிலவே உண்டு. அவற்றுள், பரவிய எல்லையை நோக்கினாலும் நுழைந்த வீடுகளின் தொகையை நோக்கினாலும், முதலிடம் கொடுக்கத் தக்கது 'காஸ்' என்னும் சிறு சொல்லாகும்.

அது ஆங்கிலச் சொல் என்று எண்ணி நாமும் அதை எடுத்து ஆளுகிறோம். அடுப்பு அணைந்தால் காஸ் தீர்ந்துவிட்டது என்கிறோம். வயிறு உப்பினால் காஸ் தொந்தரவு என்று வைத்தியரிடம் முறையிடுகிறோம். கல்யாண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் ஆட்கள் தலைமேல் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் 'காஸ் லைட்' என்றே ஊராரிடம் பெயர் வழங்கிற்று. ஆனால் 1600-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலேயே ஒருவர் இச்சொல்லை உச்சரித்திருந்தால், அதற்குப் பொருள் சொல்ல எவராலும் இயன்றிராது. ஏனெனில் அதனை உண்டாக்கவிருந்தவர் அப்போது, இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த லூவேன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த ஒரு வாலிபராக இருந்தார்.

ஜான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மண்ட் என்னும் அவர் சுமார் 1580-ஆம் ஆண்டில் பிரஸ்ஸெல்ஸ் நகரில் ஒரு பிரபு குலத்தில் பிறந்தவர். புத்தகங்களில் தாம் கற்ற வைத்தியம் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை என்று கண்டு மனம் வெறுத்து, ஏட்டைத் துறந்து உலையை நாடி, நெருப்பின் மூலம் ஞானம் தேடும் தத்துவவாதி என்று தம்மைத் தாமே வர்ணித்துக்கொண்டு, வில்வோர்டு என்னும் சிற்றூரில் ரசாயன பரீட்சைகளில் மூழ்கிவிட்டார். ரசவாதத்தில் அவருக்குப் பூரண நம்பிக்கை இருந்தது. தராசிலும் அதே அளவு நம்பிக்கை இருந்தது. பழைய உலகத்துக்கும் புதிய உலகத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கால் வைத்து நின்ற அவரை மதபீடத்தார் சந்தேகக் கண்ணோடு நோக்கினர். 1634-இல் அவரைக் கைது செய்து வீட்டுக் காவலிலும் வைத்தனர். ஆகவே அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி அவருடைய ஆயுளில் அச்சேறவில்லை. அவர் 1644-இல் காலமான பின்னர், மகன் பிரான்சிஸ்கஸ் மெர்க்யூரியஸ் அவற்றையெல்லாம் திரட்டி, 1648-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 'ஓர்ட்டுஸ் மெடிசினே' என்ற பெயரில் ஒரு லத்தீன் கிரந்தமாக வெளியிட்டார். அந்தக் கிரந்தத்தின் வாயிலாகத்தான் இச்சொல் உலகில் பரவிற்று.

அச்சொல்லுக்கு அவசியம் நேர்ந்த விதத்தை அறிய வேண்டுமாயின், அவர் செய்து பார்த்த ஒரு கணக்கை நாமும் பார்க்க வேண்டும். 62 பவுண்டு மரக்கரியை எரித்தால் மிஞ்சுகின்ற சாம்பல் ஒரு பவுண்டுதான். எஞ்சிய 61 பவுண்டு எங்கே போயிற்று? கரி எரிந்து ஒழிந்தது என்று உலகம் அதுவரையில் சொல்லி வந்த சமாதானம், எப்பொருளும் இல்லாமற் போவதில்லை என்று உறுதியாக நம்பிய அவருக்குத் திருப்தி தரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக மாறி அது வெளியே சென்றிருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அது காற்றன்று, ஏனெனில் அதில் விளக்கு எரியாது. நீராவியும் அன்று, ஏனெனில் குளிர்ந்தால் அது நீர்த்துளியாக இறங்கி வராது. சில அமிலக் கலவைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு வாயை அடைத்து வைத்தபோது, உள்ளே இத்தகைய ஒன்று பெருகிப் பாத்திரத்தையே வெடித்துச் சிதறடித்ததையும் அவர் கண்டார். இதுவரை அறியப்படாத இந்தச் சூட்சும வஸ்துவுக்கு நான் காஸ் என்று புதுப் பெயர் இடுகிறேன் என்ற கருத்தில் எழுதிய அவர், அதற்கு இரண்டு லட்சணங்களையும் வகுத்தார்: அதைப் பாத்திரத்தில் அடைத்து வைக்க முடியாது, கண்ணுக்குப் புலனாகும் பதார்த்தமாக மாற்றவும் முடியாது. இச்சொல்லின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு லட்சணங்களைச் சுற்றியே நடப்பதால், வாசகர் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்வாராக.

பெயரை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதில் ஒரு காலத்தில் விவாதம் நிகழ்ந்தது. ஆவி, ஆன்மா என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் ஒன்றே இதற்கு மூலம் என்று சிலர் கருதினர். தமிழில் 'ஆவி' என்பதற்கே உயிர் என்றும் நீராவி என்றும் இரு பொருள் இருத்தலால், நமக்கு அந்த ஊகம் பொருத்தமாகக் கூடத் தோன்றலாம். ஆனால் இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. பழையோர் கூறிய 'காஒஸ்' என்பதற்கு இது வெகு தூரத்தில் இல்லை என்று அந்த ஆசிரியரே தெரிவித்திருக்கிறார். காஒஸ் என்பது, சிருஷ்டிக்கு முன்னர் உருவமும் ஒழுங்கும் இன்றிக் கிடந்த ஆதிப் பாழைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அவருக்கு முன் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்ஸஸ் என்னும் வைத்தியரும் காற்றைக் குறிக்க அச்சொல்லை வழங்கியதுண்டு. கிரேக்கச் சொல்லுக்கும் புதுச் சொல்லுக்கும் ஓசையில் உள்ள தூரம் நம் காதுக்குப் பெரிதாகத் தோன்றினும், டச்சு மொழி பேசியவருக்கு அது சிறியதே. 'பகல்' என்னும் சொல்லின் நடுவிலுள்ள ககரத்தை நாம் முட்டாமல் உரசி ஒலிக்கிறோம் அல்லவா? அந்த உரசலைத் தொண்டையில் இன்னும் சற்று அழுத்தினால் டச்சுக்காரரின் முதலெழுத்து ஒலித்துவிடும். கிரேக்கத்தின் முதலெழுத்தும் அவர்கள் வாயில் ஏறத்தாழ அதே ஓசைதான். ஆங்கிலேயருக்கு அந்த உரசல் ஒலி இல்லாமையால், கண்ணால் கண்ட எழுத்தைத் தம் வழக்கப்படி அழுத்தி வாசித்தனர். இவ்வாறு, எழுத்து பிழைத்து, அதில் ஒளிந்திருந்த கிரேக்க ஓசை மறைந்தது.

கரியிலிருந்து எழுந்த வாயுவுக்கு, காட்டுத்தன்மை உடையது என்னும் பொருளில், 'காஸ் சில்வெஸ்ட்ரே' என்று அவர் தனிப் பெயரும் இட்டார். கரி எரிகையில் எழுவதும், திராட்சை ரசம் புளித்துப் பொங்குகையில் எழுவதும், சிப்பி முதலியவற்றின் மேல் காடியை ஊற்றுகையில் நுரைப்பதும், இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு அருகில் நாய்க்குகை என்று பெயர் பெற்ற குகையின் தரையில் தேங்கி நின்று, குனிந்து செல்லும் பிராணிகளை மூர்ச்சையாக்குவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே என்று அவர் கூறியது ஆச்சரியப்படத்தக்க நுண்ணறிவாகும். நாம் கரியமிலவாயு என்று கூறுவது இதனையே. இத்தனை கண்டவர் கண் முன்னே இருந்த மற்றொன்றைக் காணத் தவறினார் என்பது அறிவியல் வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. நன்கு உலர்த்திய 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, மழைநீரையே வார்த்து ஐந்து ஆண்டுகள் வளர்த்தபோது மரம் 169 பவுண்டாயிற்று; மண்ணிலோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸே குறைந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். தாமே பெயரிட்ட காஸ் சில்வெஸ்ட்ரேயைத்தான் இலைகள் காற்றிலிருந்து எடுத்து மரமாக மாற்றின என்பதும், எரித்தபோது 61 பவுண்டாக வெளியே சென்றது திரும்பி வந்து இம்மரமாக வளர்ந்தது என்பதும் அவருடைய சிந்தையில் தோன்றவில்லை.

புத்தகம் வெளிவந்தது, 1662-இல் ஜான் சாண்ட்லர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அவ்வழியாகச் சொல்லும் இங்கிலாந்தில் காலடி வைத்தது. ஆயினும் அதைப் பேணுவார் இல்லை. நூறாண்டுக்கும் மேலாக அது ஏட்டிலேயே உறங்கிக் கிடந்தது. ராபர்ட் பாயிலைப் போன்ற மேதாவிகளே, ரசாயனச் செயலால் எழும் வாயுக்களைச் செயற்கைக் காற்று என்று அழைத்தார்களேயன்றி இப்புதுப் பெயரை ஏற்கவில்லை. இதற்குக் காரணம் அலட்சியம் மாத்திரம் அன்று. காற்று என்பது பூதங்களுள் ஒன்று, தனி மூலப்பொருள் என்னும் பழைய எண்ணம் வலுவாக இருந்த வரையில், பலவகை வாயுக்கள் உண்டு என்னும் அபிப்பிராயத்துக்கே இடமில்லை. அவை அழுக்குக் கலந்த காற்று, கெட்டுப்போன காற்று என்று சொல்லித் தீர்த்துவிடலாம். மேலும், பிடித்து வைக்க முடியாது என்று பெயரிட்டவரே கைவிட்ட ஒன்றை நிறுப்பது எங்ஙனம்? ஒன்றோடொன்று ஒப்பிட்டு வேறுபாடு காண்பது எங்ஙனம்? வேறுபாடு காணாத இடத்தில் தனிப் பெயருக்குத் தேவையும் ஏற்படுவதில்லை.

அந்த இடையூற்றை அகற்றியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். தாவரங்களைப் பற்றி 1727-இல் அவர் வெளியிட்ட நூலில் ஓர் எளிய உபகரணத்தை விவரித்தார். பொருளைச் சூடேற்றும் பாத்திரம் ஓரிடத்தில் இருக்கும். அதிலிருந்து வளைந்து செல்லும் குழாயின் மறுமுனை, நீர் நிரப்பித் தண்ணீரிலே கவிழ்த்துத் தொங்கவிட்ட மற்றொரு பாத்திரத்துக்குள் நுழையும். எழுகின்ற வாயு குமிழி குமிழியாக மேலேறி, நீரைக் கீழே தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தில் அடைபட்டுக்கொள்ளும். இத்துணைதான் சாதனம். உலகம் ஓராயிரம் தத்துவ நூல்களால் அறிய முடியாததை இந்தக் கவிழ்த்த பாத்திரம் அறிவித்தது. ஹேல்ஸ் தாம் பிடித்த யாவும் ஒரே காற்று என்றே எண்ணினார்; ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அடைத்ததைச் சோதிக்கத் தொடங்கினார்கள். எடின்பரோவில் ஜோசப் பிளாக் 1750-களில் கரியமிலவாயுவின் குணங்களை நிறுவினார். 1766-இல் ஹென்றி காவெண்டிஷ் எரியும் காற்றை, அதாவது ஹைட்ரஜனை, விவரித்தார். ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரில் ஒரு பீர் வடிக்கும் சாலைக்கு அருகில் குடியிருந்தபடியால், நொதிக்கும் தொட்டிகளின் மேல் மிதந்த கரியமிலவாயுவைக் கொண்டு ஆராயத் தொடங்கி, தண்ணீரில் அதைக் கரைத்து 1772-இல் சோடா நீர் செய்யும் முறையை வெளியிட்டு, தண்ணீரில் கரைந்துவிடும் வாயுக்களையும் பிடிக்கத் தொட்டியில் பாதரசத்தை நிரப்பி, 1774 ஆகஸ்டு முதல் தேதி பூதக்கண்ணாடியால் பாதரச பஸ்பத்தைச் சூடேற்றிப் பிராணவாயுவையும் பிரித்தெடுத்தார். இத்தனை பேரும் தாம் கண்டவற்றைக் காற்று என்றே குறிப்பிட்டனர். நிலைத்த காற்று, எரியும் காற்று, எரிதலுக்குக் காரணமென்று அக்காலத்தவர் கருதிய புளோஜிஸ்டன் நீங்கிய காற்று என்று அடைமொழிகள் பெருகினவேயன்றிப் பெயர்ச்சொல் மாறவில்லை.

அடைமொழிகள் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகிய அந்தச் சமயத்தில்தான் உறங்கிய சொல் எழுப்பப்பட்டது. ஜேம்ஸ் கீர் என்னும் ரசாயனி 1777-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலேயே அது இடம் பெற்றது. மறுவருஷம் பிரான்ஸில் மக்கே என்பவர் தம் ரசாயன அகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்குத் தக்க ஆசனம் அளித்தார். அதை முடிசூட்டி வைத்தவர் லவாய்சியே என்னும் பிரெஞ்சு ரசாயனி. 1787-இல் அவரும் மூன்று சகாக்களும் ரசாயனப் பெயர்கள் யாவற்றையும் ஒழுங்குபடுத்தியபோதும், 1789-இல் அவர் தம் பாடநூலை வெளியிட்டபோதும், காற்று என்பது நம்மைச் சூழ்ந்துள்ள கலவைக்கு மட்டும் உரிய பெயராயிற்று. காஸ் என்பதோ எந்த ஒரு பொருளுக்கும் உரிய பெயராக இல்லாமல், திடம், திரவம் என்பவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க ஒரு நிலையின் பெயராக உயர்ந்தது. தக்க வெப்பம் சேர்ந்தால் எப்பொருளும் அந்நிலையை அடையலாம் என்பது லவாய்சியேயின் சித்தாந்தம். ஆகவே, பாத்திரத்தில் அடங்காதது என்று பிறந்த சொல், அடக்கி வைத்து அளந்து பார்த்தவர்களின் கையிலேதான் உயிர் பெற்றது.

முதல் லட்சணம் இவ்வாறு பொய்த்தது; இரண்டாவது பொய்க்க இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. மைக்கேல் பாரடே 1823-இல் குளோரினை அழுத்தித் திரவமாக்கிக் காட்டினார். கரியமிலவாயுவும் அவ்வாறே திரவமாயிற்று. 1835-இல் தீலோரியே என்ற பிரெஞ்சுக்காரர் அத்திரவத்தைத் திறந்துவிட்டபோது, வெளிப்பட்ட வேகத்திலேயே குளிர்ந்து, வெண்பனி போன்ற திடப்பொருளாக அது கையில் வந்து விழுந்தது. வான் ஹெல்மண்ட் காணமுடியாதது என்ற காஸ் சில்வெஸ்ட்ரேயே அது. பிராணவாயு, ஹைட்ரஜன் முதலிய சில வாயுக்கள் எவ்வளவு அழுத்தியும் இணங்காமையால், அவை நிரந்தர வாயுக்கள் என்ற பட்டத்தோடு சில காலம் தப்பி நின்றன. 1877-இல் பிராணவாயுவும், 1898-இல் லண்டனில் டூவார் என்பவரின் கையில் ஹைட்ரஜனும் பணிந்தன. கடைசியாக ஹீலியம், 1908 ஜூலை 10-ஆம் தேதி, சைபருக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடில் திரவமாயிற்று. அதை நிகழ்த்திய காமர்லிங் ஓன்னெஸ் லைடன் நகரத்துப் பேராசிரியர். சொல்லைப் படைத்தவரின் டச்சு மொழியைத் தாய்மொழியாக உடையவர்.

இதற்கிடையில் ரசாயன சாலையின் கதவைத் தாண்டி அச்சொல் தெருவுக்கு இறங்கிவிட்டது. 1792-இல் வில்லியம் மர்டாக் கார்ன்வாலிலுள்ள ரெட்ருத் என்னும் ஊரில் நிலக்கரியைச் சுட்டு எடுத்த வாயுவால் தம் வீட்டில் விளக்கேற்றினார். 1807-இல் லண்டனின் பால் மால் வீதியில் அவ்விளக்குகள் எரிந்தன. 1812-இல் அதற்கென ஒரு கம்பெனியே சாசனம் பெற்றது. அப்போது முதல் பொதுஜனங்களுக்குக் காஸ் என்றால் நிலக்கரி வாயு என்றே பொருள். எல்லா வாயுக்களுக்கும் பொதுவாக விஞ்ஞானிகள் அமைத்த பெயரை, தாம் காசு கொடுத்து வாங்கிய ஒன்றுக்கு மாத்திரம் உரியதாக ஜனங்கள் குறுக்கிக்கொண்டார்கள். சாரமில்லாத வீண் பேச்சையும் அதே சொல்லால் கேலி செய்யத் தொடங்கினார்கள். காஸ் விளக்கின் சுடர் மங்குவதை மையமாக வைத்து பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய நாடகத்தில், கணவன் ஒருவன் மனைவியின் புத்தியே பேதலித்துவிட்டதாக அவளை நம்பச்செய்ய முயல்கிறான். அந்த விளக்குகள் வீதிகளினின்று பெரும்பாலும் மறைந்துபோன இக்காலத்திலும், பிறரைத் தம் அறிவையே சந்தேகிக்கும்படி செய்யும் வஞ்சகத்துக்கு ஆங்கிலத்தில் 'காஸ் லைட்' என்ற அந்நாடகத்தின் பெயரே வழங்கி வருகிறது.

அட்லாண்டிக் கடலைத் தாண்டிய பிறகு அது அடைந்த மாறுதல் இன்னும் விசித்திரமானது. மண்ணெண்ணெய் வடிக்கையில் எளிதில் ஆவியாகிப் பிரியும் லேசான எண்ணெய்க்கு 1860-களில் காஸோலின் என்ற பெயர் ஏற்பட்டது. மோட்டார் வண்டிகள் பெருகியபின் அமெரிக்கர் அதன் வாலை வெட்டிக் காஸ் என்றே வழங்கலாயினர். திடமும் திரவமும் அல்லாத நிலையைக் குறிக்க லவாய்சியே நியமித்த சொல், அங்கே குழாயில் ஓடிவரும் ஒரு திரவத்தின் பெயராயிற்று.

இச்சொல் அச்சத்தைத் தரும் சொல்லானதும் உண்டு. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே, ஜெர்மன் சேனையார் 5000-க்கும் மேற்பட்ட இரும்பு உருளைகளைத் திறந்துவிட, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் குளோரின் மேகம் எதிரிகளின் பதுங்கு குழிகளை நோக்கித் தவழ்ந்து சென்றது. அந்த நாள் முதல், எந்த அடைமொழியும் இன்றிக் காஸ் என்று கூவினால் முகமூடியை எடு என்று போர்வீரர் பொருள் கொண்டனர். வாயுவை அடக்கக் கற்றதன் பலன், அதை வேண்டும்போது அவிழ்த்துவிடவும் கற்றதாக முடிந்தது. அது நிகழ்ந்ததும் சொல் பிறந்த நாட்டிலேயே.

நம் சமையலறையில் நிற்கும் உருளையோ, அதே வித்தையை நன்மைக்குப் பயன்படுத்திய சாதனம். அதிலுள்ள 14.2 கிலோவும் பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவமே. உருளையை அசைத்தால் உள்ளே தளும்புவதை உணரலாம். குமிழைத் திருப்பும்போது அழுத்தம் தளர்ந்து, அத்திரவம் சுமார் 250 மடங்கு இடத்தை அடைக்கும் வாயுவாக மாறி அடுப்புக்குச் செல்கிறது. அடைத்து வைக்கவும் முடிந்தது. கண்ணுக்குப் புலப்படும் வடிவத்துக்குக் கொண்டுவரவும் முடிந்தது. எந்த இரண்டு லட்சணங்களைச் சொல்லி வான் ஹெல்மண்ட் பெயரிட்டாரோ, அவ்விரண்டையும் ஒருங்கே மீறி நிற்கும் பொருளை நாம் அவர் இட்ட பெயராலேயே அழைக்கிறோம்.

இலக்கணம் அழிந்தும் பெயர் பிழைத்தது எப்படி? இதற்கு விடை அவருடைய புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் அவர் 'பிளாஸ்' என்று மற்றொரு சொல்லையும் படைத்தார். நட்சத்திரங்களிலிருந்து வந்து காற்றையும் பருவத்தையும் உடலின் இயக்கங்களையும் நடத்துவதாக அவர் நம்பிய ஒரு சக்தியின் பெயர் அது. ஒரே கை, ஒரே கிரந்தம், ஓசையில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். ஒன்று உலகை ஆண்டது, மற்றொன்றை இன்று சரித்திர ஆசிரியரன்றிப் பிறர் அறியார். பிளாஸ் என்பது ஒரு விளக்கத்துக்கு இட்ட பெயர். விளக்கம் தவறென்று ஆனவுடன் அது சுட்டுவதற்கு உலகில் ஒன்றும் இருக்கவில்லை. பிரீஸ்ட்லி நம்பிய புளோஜிஸ்டனும், வெப்பத்தை ஒரு பொருளாகக் கருதி லவாய்சியே வழங்கிய கலோரிக்கும் அவ்வாறே மறைந்தன. காஸ் என்பதோ, 62 பவுண்டு கரியில் 61 பவுண்டாகத் தராசு காட்டிய ஒரு வஸ்துவுக்கு இட்ட பெயர். அதைப்பற்றி அவர் கூறியது அத்தனையும் தவறென்று தள்ளினாலும், தராசில் குறைந்த 61 பவுண்டு தள்ளுபடியாவதில்லை. பிராணவாயுவுக்கு லவாய்சியே அளித்த ஆக்ஸிஜன் என்னும் பெயருக்குப் புளிப்பைப் பிறப்பிப்பது என்று பொருள்; அமிலத்துக்கெல்லாம் அதுவே மூலம் என்று அவர் கருதியது பிழை என்று 1810-இல் டேவி என்னும் ரசாயனி காட்டிய பின்பும் பெயர் அசையவில்லை; காரணம், அதுவும் பாத்திரத்தில் இருந்த பொருளுக்கு வைத்த பெயரே. கலைச்சொற்களை ஆக்கும் நம்மவர், சொல்லின் வேர்ப்பொருள் முற்றும் பொருந்துகிறதா என்று வெகுவாகக் கவலைப்படுவதைக் காண்கிறோம். அக்கவலை வேண்டியதே; ஆனால் சொல்லின் ஆயுளை நிர்ணயிப்பது வேர்ப்பொருளின் திருத்தம் அன்று, அது சுட்டும் பொருளின் உண்மையே என்பதற்குக் கிரேக்கப் பாழிலிருந்து எடுத்த இந்தச் சொல் போதிய சான்றாகும்.